மூன்றாவது சரணத்துக்கு முன் ஒரு இருமல்

ரசிகனைப் போன்ற சந்தேகப் பிராணி உலகத்தில் வேறு கிடையாது. போலீஸ்காரர்கூட வீட்டுக்குப் போனால் தொப்பியோடு சேர்த்துச் சந்தேகத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ரசிகனுக்கு அந்த ஆணி கிடையாது. போன வருஷம் பாடிய மாதிரி இந்த வருஷம் பாடுகிறாரா, தொண்டை போய்விட்டதா, ஒருவேளை நம்மை ஏமாற்றுகிறாரா என்று கை தட்டும்போதே அவன் மனசு குடைந்துகொண்டிருக்கும்.

எனக்கு இந்தக் குணம் பிறவியிலேயே கொஞ்சம் ஜாஸ்தி. பால்காரர் என் கண்முன்னால் கறந்து கொடுத்தால்கூட நான் மாட்டைச் சந்தேகமாகப் பார்ப்பேன். சின்னசேலம் ஸ்டேஷனுக்கு ரயில் சரியான நேரத்தில் வந்துவிட்டால், இது நேற்று வரவேண்டியதாக இருக்குமோ என்று யோசிப்பேன். இப்படிப்பட்ட ஒருவன் ஒரு பாட்டுக் குழுவுக்குத் தீவிர ரசிகனாகவும் ஆகி, கூடவே மாப்பிள்ளையாகவும் ஆனால் என்ன நடக்கும்? என் கல்யாணத்தில் நடந்ததுதான் நடக்கும்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் யூரியா, சாயங்காலமெல்லாம் 'வெள்ளிமணி வேந்தர்கள்.' இது எங்கள் பக்கத்து இன்னிசைக் குழு. எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே பாடிக்கொண்டிருந்தார்கள். மீசை நரைத்த பிறகும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர், பாடகர், வேன் டிரைவர் எல்லாம் மாணிக்கம் அண்ணன். பெண் குரலுக்கு அவர் மனைவி மல்லிகா அக்கா. டிரம்ஸுக்கு மாணிக்கம் அண்ணனின் தம்பி கோதண்டம் அண்ணன். கிதாருக்கும் கீபோர்டுக்கும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். இந்த மூன்று பேர் மாறியதே இல்லை.

கேசட்டில் இல்லாதது இவர்களிடம் என்ன இருந்தது என்று உரக்கடை முதலாளி ஒருமுறை கேட்டார். கேசட்டில் பாட்டு செத்துப்போய்ப் படுத்திருக்கும் முதலாளி, இங்கே எழுந்து உட்காரும் என்றேன். (மறுநாளிலிருந்து அவர் என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசவில்லை.) ஆனால் அதுதான் உண்மை. எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில் மாணிக்கம் அண்ணன் உச்ச ஸ்தாயியில் இருந்தபோது வாய்க்குள் ஒரு ஈசல் போய்விட்டது. மனுஷன் அதை விழுங்கிக்கொண்டே போட்ட ஒரு குழைவு இருக்கிறதே, அதற்காக அந்தப் பாட்டைத் திரும்ப மூன்று ஊரில் போய்க் கேட்டேன். ஈசல் வரவில்லை, குழைவும் வரவில்லை. கல்வராயன் மலையில் ஒரு ஊரில் டீசல் ஜெனரேட்டர் விட்டு விட்டு இரைந்தது. கோதண்டம் அண்ணன் அந்த இரைச்சலையே தாளமாக எடுத்துக்கொண்டு முழுக் கச்சேரியையும் வாசித்து முடித்தார். கீழே இறங்கும்போது ஜீப்பில் இருந்த எல்லாரும் அதே தாளத்தில்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

சினிமாப் பாட்டெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சொந்தப் பாட்டு பாடுவார்கள். மாணிக்கம் அண்ணனே எழுதி மெட்டுப் போட்டது. 'மலையேறிப் போன மழையே, என் வாசல் மறந்து போனாயோ' என்று தொடங்கும். இரண்டாவது சரணம் முடிந்ததும் மற்ற எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். கோதண்டம் அண்ணன் மட்டும் தனியாக டிரம்ஸை எடுத்துக்கொள்வார். அது எவ்வளவு நேரம் போகும் என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் தீக்குச்சி எரியும் நேரத்தில் முடியும். இன்னொரு நாள் ஒரு ஆள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். திடீரென்று ஒரே அடியில் நிற்கும். மாணிக்கம் அண்ணன் மூன்றாவது சரணத்தைத் தொடங்குவார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போகும்.

(இந்தப் பத்தியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.)

இந்தச் சமயத்தில் எனக்குக் கச்சிராயபாளையத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செல்வி. அவளுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் தணிகாசலம்தான் எல்லாம். கரும்பு விவசாயி. ஆலைக்காரனின் எடைமேடையோடு காலமெல்லாம் சண்டை போட்டு, எதையும் நம்பாமல் இருப்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தவர். நிச்சயத்தன்று அவர் கேட்டார்.

"மாப்ளைக்கு எதுனா விருப்பம் இருந்தா சொல்லிடுங்க. அப்புறம் மனசுல வெச்சிக்கினு இருக்கக் கூடாது."

"ஒண்ணே ஒண்ணுதான் மாமா. ரிசப்ஷன்ல வெள்ளிமணி வேந்தர்கள் கச்சேரி வெக்கணும்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி கேப்பாங்க, வாட்ச் கேப்பாங்க. நீங்க இன்னா பாட்டுக் கச்சேரி கேக்கறீங்க? அதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களா?"

"எல்லாரையும் தெரியும் மாமா. ஒரு கச்சேரி வுட்டதில்ல."

"பொம்பள பாடறாங்களா?"

"மல்லிகா அக்கா பாடுவாங்க மாமா! இன்னா கொரலு தெரியுமா!"

(அந்த ஆச்சரியக்குறியை நான் போட்டிருக்கக் கூடாது.) மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக மெல்லத் தொடங்கினார். அந்த மெல்லுதலின் பொருள் எனக்குக் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் புரிந்தது.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில்தான் சனி பிடித்தது. சின்னசேலத்தில் ஒரு கச்சேரி. மழைப் பாட்டு. டிரம்ஸ் முழங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சரணத்துக்குச் சற்று முன்னால் மாணிக்கம் அண்ணன் மைக்கில் "ம்க்கும்" என்று ஒரு இருமல் இருமினார். பாவம், தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்து எலவனாசூர்கோட்டை. அதே பாட்டு, அதே இடம், அதே "ம்க்கும்." அடுத்ததற்குக் கச்சிராயபாளையத்துக்கே பஸ் ஏறினேன். (கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டு ஊருக்கு மாப்பிள்ளை போகக் கூடாது. தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். மாமாவின் ஆட்கள் அதையும் பார்த்து வைத்திருந்தார்கள்.) அங்கேயும் அதே இடத்தில் அதே இருமல்!

உயிருள்ள மனிதன் ஊர் ஊராகப் போய் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருமுவானா? கேசட்தான் இருமும். பெரிய ஊர்க் குழுக்கள் சில, கேசட்டை ஓடவிட்டு மேடையில் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. எங்கேயோ ஒரு நாள் இருமலோடு சேர்த்துப் பதிவு செய்து, அதையே எல்லா ஊரிலும் ஓட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதும் சாட்சிகள் தானாக வந்து வரிசையில் நின்றன. கோதண்டம் அண்ணன் சமீபகாலமாகக் கூலிங் கிளாஸ் போடுகிறார். ஏன்? சும்மா குச்சியை ஆட்டிக்கொண்டு தூங்குவது தெரியக் கூடாது என்பதற்காக! கீபோர்டுக்குப் பின்னால் ஏதோ ஒன்றைத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அதன் அடியிலிருந்து ஒயர் வருகிறது. ஏன்? அதுதான் கேசட் பிளேயர்!

நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ரசிகன் கேட்க மாட்டான், கண்டுபிடிப்பான். சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரை நம்பாவிட்டாலும் அந்த மூன்று பேரை நம்பியிருந்தேன். அதுவும் பொய்யென்றால் என் வாலிபம் முழுக்க ஒரு கேசட்டுக்குக் கை தட்டியிருக்கிறேன் என்றாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில்தான் தாலி. தாலி கட்டாத இரண்டு பேரைத் தம்பதி மாதிரி நிற்கவைத்து ஊர் முழுக்கப் போட்டோ எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு மனசு மாறினால் ஓடிப்போவதற்கு முழுதாக ஒரு ராத்திரி கையில் இருக்கும். தணிகாசலம் மாமா தம் கண்ணாலேயே அப்படி ஒரு மாப்பிள்ளை ஓடியதைப் பார்த்தவர். அதனால் மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களை வரவேற்கும் சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேடையில் கோட்டும் சூட்டும் மாலையுமாக நின்றேன். பக்கத்தில் செல்வி. கை குலுக்குகிறவர்களுக்குக் கை கொடுத்தேனே தவிர, கண்ணும் காதும் மண்டபத்தின் மறுகோடியில் இருந்த கச்சேரி மேடையில்தான் இருந்தன. மல்லிகா அக்கா பாடும்போது நான் அவரைக் கண் கொட்டாமல் பார்ப்பதை மாமா கண் கொட்டாமல் பார்த்தார். (நான் பார்த்தது அக்காவின் உதட்டை. அது பாட்டோடு ஒட்டுகிறதா என்று. இதை இன்னொரு விதமாக நினைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

மழைப் பாட்டு தொடங்கியது. முதல் சரணம், இரண்டாவது சரணம். டிரம்ஸ் தனியாகக் கிளம்பியது. இதை விட்டால் வேறு சமயம் இல்லை. செல்வி பக்கம் திரும்பினேன். அதுவரைக்கும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கொஞ்சம் இருங்க. பாத்ரூம் போய்ட்டு வந்துடறன்."

என் மனைவியிடம் நான் பேசிய முதல் வாக்கியம் இதுதான். அதுவும் பொய்.

சாப்பாட்டுக் கூடம் வழியாகச் சுற்றிக்கொண்டு கச்சேரி மேடையின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு கறுப்புப் படுதா. மாலை ஒயரில் சிக்காமல் இருக்க அதைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, படுதாவுக்கு அடியில் நுழைந்து மண்டியிட்டு ஊர்ந்தேன். கோதண்டம் அண்ணனின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதோ துண்டு! அதோ ஒயர்! இடது கையால் ஒயரைப் பிடித்துச் சுவிட்சுப் பலகையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். அதே நொடியில் வலது கையைத் துண்டுக்குள் விட்டேன்.

மண்டபம் முழுக்க இருட்டு. விளக்கு, மின்விசிறி, சீரியல் பல்பு, வீடியோக்காரரின் லைட், மைக், கீபோர்டு எல்லாம் ஒரே சமயத்தில் போயின. நான் பிடுங்கியது மண்டபத்துக்கே மின்சாரம் கொண்டுவந்த தாய் ஒயர். வலது கையில் சூடாக, கொழகொழவென்று என்னவோ ஒட்டியது. ரவா கேசரி.

எல்லாம் நின்ற அந்த இருட்டில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. டிரம்ஸ்.

கோதண்டம் அண்ணன் எதுவுமே நடக்காத மாதிரி வாசித்துக்கொண்டே இருந்தார். மைக் இல்லாமல் அது இன்னும் நன்றாக இருந்தது. தோலில் குச்சி விழும் சத்தம், அவர் மூச்சு வாங்கும் சத்தம், பலகை அதிர்ந்து என் முழங்காலில் ஏறுவது எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. ஜனங்கள்கூடச் சத்தம் போடாமல் கேட்டார்கள். பிறகு இருட்டுக்குள்ளிருந்து மாணிக்கம் அண்ணன் இருமினார். "ம்க்கும்." டிரம்ஸ் ஒரே அடியில் நின்றது. வெறும் தொண்டையில் மூன்றாவது சரணம் எழுந்தது. அந்த இருமல்தான் தம்பிக்கு அண்ணன் காட்டும் சைகை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேசரி கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன். என் வாழ்நாளில் நான் கேட்ட கச்சேரிகளில் அதுதான் முதல் இடம்.

பாட்டு முடிந்ததும் கோதண்டம் அண்ணன் மெல்லக் கேட்டார். "ஏண்ணா, கீபோர்டு சத்தம் வரல? கரண்டு போச்சா?"

"பேசாத இருடா," என்றார் மாணிக்கம் அண்ணன்.

இவ்வளவு இருட்டை ஒரு மனிதன் கவனிக்காமல் எப்படி இருக்க முடியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஐயோ, மேடயில மாப்ளய காணும்!"

அதற்குப் பிறகு மண்டபம் சந்தைக்கடையாகிவிட்டது. வாசலை மூடு என்றார்கள், பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பு என்றார்கள். "எனக்கு அன்னைக்கே தெரியும்!" என்று தணிகாசலம் மாமாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. யாரோ படியில் கிடந்த என் மாலையை மிதித்துவிட்டு, "மாலையக் கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருக்கான்!" என்று அலறினார்கள். வெளியே வந்து நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று அடுத்துக் கேட்பார்களே. நான் ஒயரைத் திரும்பச் செருகுவதற்கு இருட்டில் ஓட்டையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

படுதா விலகியது. டார்ச் வெளிச்சம் முதலில் என் முகத்தில் விழுந்தது. பிறகு இடது கை ஒயரில், பிறகு வலது கை கேசரியில், கடைசியாக, இருட்டில் ஒதுங்கி எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றிருந்த மல்லிகா அக்காவின் மேல் விழுந்து அங்கேயே நின்றது.

"இன்னா மாப்ள," என்றார் மாமா, ரொம்ப அமைதியாக. "இருட்டு பண்ணிக்கினு இங்க இன்னா வேல?"

"மாமா, நான் கேசட்டு..."

"ஊதுங்க."

ஊதினேன். ஏலக்காய் வாசனைதான் வந்தது. அது அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "குடிக்கலன்னா அப்ப இது வேற விஷயம். தலயில முக்காடு போட்டுக்கினு எங்க ஊருக்கு இந்தக் கச்சேரிக்கு வந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா? யாரு இந்தம்மா?"

"அவங்க என் சம்சாரங்க," என்றார் மாணிக்கம் அண்ணன்.

மல்லிகா அக்கா இதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் பார்வை துண்டு விலகிய பாத்திரத்தின் மேல் இருந்தது. "கேசரியா? இத்தினி நாளா துண்டு போட்டு மூடி வெச்சிருந்தது இதானா? சர்க்கரைக்கு மாத்திர போடற மனுசன் நீ!" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டார். மாமாவின் சந்தேகத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதிக்கு நான் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். இருமல், கூலிங் கிளாஸ், துண்டு, கேசட். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

"ஒரு இருமலுக்கோசரம் கல்யாண மேடய வுட்டுட்டு வருவானா எவனாச்சும்?" என்று மாமா என் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "இந்தக் கல்யாணம் வாணாம்" என்ற வார்த்தை மாமாவின் உதடு வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது கோதண்டம் அண்ணன் எழுந்தார். குரல் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, கூலிங் கிளாஸைக் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் புரை தெரிந்தது.

"பையன் பொய் சொல்லலங்க. முன்னெல்லாம் எங்கண்ணன் கைய தூக்குவாரு, நான் நிறுத்துவேன். இப்ப கை தெரியல. அதான் இருமறாரு. வெளிய தெரிஞ்சா கண்ணு தெரியாதவன மேடையில ஏத்தறாங்கன்னு ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அதான் சொல்லல."

மாணிக்கம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என் கல்யாணத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த மனிதர் தம் பிழைப்பையே நடுவில் வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கேசரிப் பாத்திரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி முன்னால் வந்தாள். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த டிரம்ஸ தெனம் ஒரே அளவு நேரம் வாசிப்பாரா?"

"அதெப்படி? ஒரு நாள் நீளும், ஒரு நாள் சட்டுனு முடிஞ்சிடும். அதானே அதுல அழகே!"

"அப்ப கேசட்டா இருந்தா அது எப்டிங்க மாறும்?"

அத்தனை ஊர் சுற்றி, அத்தனை சாட்சி சேர்த்த எனக்கு இந்த ஒரு கேள்வி தோன்றியிருக்கவில்லை.

செல்வி மாமாவிடம் திரும்பினாள். "வுடுங்க மாமா. பொய் சொல்றவன் இதவிட நல்லாவே சொல்லியிருப்பான். இவருக்கு அறிவுதான் கம்மி. அத சமாளிச்சுக்கலாம்."

(இதை நான் அன்றைக்குப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.) யாரோ என் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினார்கள். வெளிச்சம் வந்தது. மறுநாள் காலையில் தாலியும் கட்டினேன். கட்டி முடிக்கும் வரைக்கும் மாமா என் பின்னால் நின்று கோட்டு இல்லாத என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் கோதண்டம் அண்ணனையும் விடவில்லை. 'கண்ணு நெஜமாவே தெரியலியா, இல்ல இதுவும் ஒரு ஏற்பாடா' என்ற சந்தேகத்தில், ஒரு கண் சிகிச்சை முகாமுக்குத் தம் டிராக்டரிலேயே கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் "இது எத்தினி வெரலு?" என்று கேட்டுக்கொண்டே போனாராம். புரையை எடுத்துக் கண் தெளிந்தது. மாமாவும் அதன் பிறகு ஒரு கச்சேரி விடுவதில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் ஊர் ஊராகக் கதையைப் பரப்பியதில், வேந்தர்களை அழைக்கிறவர்கள் குறைவதற்குப் பதிலாகக் கூடினார்கள். டிரம்ஸ் உச்சத்துக்குப் போகும்போது கூட்டம் முழுக்கச் சத்தமில்லாமல் காத்திருந்து, மாணிக்கம் அண்ணனோடு சேர்ந்து "ம்க்கும்" என்று இருமுகிறது. கல்வராயன் மலையில் இருமினால் எதிர் மலையும் திருப்பி இருமும்.

எங்கள் வீட்டிலும் அதுதான் சைகை. நான் மளிகைக்காரரின் தராசைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் செல்வி இருமுவாள். என் பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தவர்களிடம், பையனுக்கு எந்தப் பாட்டுக் குழு பிடிக்கும் என்று நான் விசாரிக்கத் தொடங்கியபோது, சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் என் குடும்பமே சேர்ந்து இருமியது. வந்தவர்கள் எங்களுக்கெல்லாம் காசநோயோ என்று பயந்து காப்பி குடிக்காமலே எழுந்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் எனக்கு இடிக்கிறது. கோதண்டம் அண்ணனுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தால்கூடக் குச்சியை ஆட்டிக் காட்டுகிறார். பிறகு எதற்காக மாணிக்கம் அண்ணன் இன்னும் இருமுகிறார்? கையைத் தூக்கினால் போதாதா? இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. போன மாதம் கீபோர்டுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு துண்டைப் பார்த்தேன். அநேகமாக என்ன நடக்கிறது என்றால்...

"ம்க்கும்."

செல்விதான். தோளுக்கு மேலே நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். நிறுத்திக்கொள்கிறேன்.